இரண்டு வால்களும் அன்னூர்த் தண்ணீரும்

5.2.1996, திங்கள்

காலையில் நல்ல பனி. கணபதி பஸ் நிறுத்தத்தில் நின்றால் எதிர்க்கடை போர்டு தெரியவில்லை. ஒன்பது மணிக்கு மேல்தான் வெயில்.

புது நோட்டு. சோப்புக் கம்பெனி லேப் நோட்டில் எண்கள் மட்டும்தான் எழுதலாம். நினைத்ததை எழுதினால் மு. (முதலாளி) புரட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னங்க அம்மணி, கதை எழுதியிருக்கறீங்க" என்பார். இனி நினைத்தது எல்லாம் இதில்.

பம்பாய் பாட்டில் வந்துவிட்டது. அரைக் கிலோ, வெள்ளைத் தூள். பார்த்தால் ரவை மாதிரி இருக்கிறது. இதற்கா மூன்று மாதம் காத்திருந்தோம்?

மு.வின் அக்கா வீட்டுக்காரருக்கு அன்னூரில் நூல் மில். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர். போன ஐப்பசியில் ஜெனரேட்டர் ரூமில் டீசல் கொட்டித் தீப்பிடித்தது. தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். டீசல் அந்தத் தண்ணீரின் மேல் ஏறி மிதந்து, எரிந்துகொண்டே வாசல் வரைக்கும் வந்துவிட்டது. வாட்ச்மேன் மாணிக்கண்ணனுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. அவர் எங்கள் அம்மா இருக்கும் தெருதான். இன்னும் சட்டைப் பொத்தான் போட அவர் பெண்டாட்டி வர வேண்டும்.

வேலை இதுதான்: டீசல் மேல் தண்ணீரைப் படுக்க வைக்க வேண்டும். நடக்காத காரியம் மாதிரி இருக்கிறது. வெளிநாட்டு விமான நிலையங்களில் செய்கிறார்களாம்.

17ஆம் தேதி, சனிக்கிழமை, அன்னூர் மில்லில் தீ வைத்து அணைத்துக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் பின்கட்டு அறை எனக்கு லேப், இன்னொரு பாட்டிலும் வரும். வராவிட்டால், மு. சொன்னபடியே: "நமக்கு சோப்பாயிலே போதுமுங்க அம்மணி." அப்புறம் பழையபடி காலையிலிருந்து சாயங்காலம் வரை சோப்பு ஆயிலில் காரம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஏழு வருடம் பார்த்தாயிற்று. எட்டாவது வருடம் என்னால் ஆகாது.

6.2, செவ்வாய்

ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். ஃபு. = பம்பாய்ச் சரக்கு. சா. = சாதா, நாங்களே மில்களுக்கு விற்கும் சலவைச் சரக்கு.

இரண்டுக்கும் ஒரே உடல்வாகு. தண்ணீரை விரும்பும் தலை, தண்ணீருக்கு ஆகாத வால். சா.வின் வாலில் கார்பனைச் சுற்றி ஹைட்ரஜன். ஃபு.வின் வாலில் ஹைட்ரஜன் உட்கார வேண்டிய இடத்தில் எல்லாம் ஃபுளோரின். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் குணம்? சா. வாலுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் ஆகும். ஃபு. வாலுக்குத் தண்ணீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது, சா.வின் வாலும் ஆகாது. எங்கள் பெரியம்மா மாதிரி.

எதிரிக்கு எதிரி நண்பன் என்பார்கள். தண்ணீர் இரண்டு வாலுக்கும் எதிரி. அப்படியும் இரண்டும் ஒட்டவில்லை என்றால் என்ன அர்த்தம்?

மதியம் தட்டில் ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றி மேலே ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பார்த்தேன்.

சா. மட்டும்: உருண்டு, உள்ளே முங்கிவிட்டது.
ஃபு. மட்டும்: கொஞ்சம் பரவப் பார்த்தது, பிறகு சுருங்கிக் கண்ணாடி வில்லை மாதிரி நின்றது.
இரண்டும் சேர்த்து: பரவியது! தட்டு ஓரம் வரைக்கும்! மண்ணெண்ணெய் மேல் தண்ணீர்!

மிக்ஸிங் பார்க்கும் ரங்கண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருபது வருடமாகச் சோப்பு ஆயில் கிண்டுகிறவர், கையில் தேய்த்துப் பார்த்தே சரக்கு எப்படி என்று சொல்லிவிடுவார். குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதுன்னு சொன்னீங்க?"

"ஆகாதுங்ணா."

"ஆகாதது ரெண்டுஞ் சேந்து எப்புடீங்க வேலை செய்யுது?"

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

8.2, வியாழன்

இரண்டு நாளாகச் சொட்டு எண்ணுகிறேன். கண் எரிகிறது.

குறிப்பு (பிறகு எனக்கே மறந்துவிடும்): கண்ணாடிக் குழாயில் ஒரே அளவு கரைசலை எடுத்துச் சொட்ட விட வேண்டும். மேல்பரப்பு விறைப்பாக இருந்தால் சொட்டு பெரிது, எண்ணிக்கை குறைவு. சரக்கைச் சேர்க்கச் சேர்க்க மேல்பரப்பு இளகும், எண்ணிக்கை ஏறும். ஓரிடத்தில் ஏறுவது நின்றுவிடும். அங்கே மேல்பரப்பில் இடம் நிறைந்துவிட்டது. இனி வருகிறவை தண்ணீருக்குள்ளேயே கூட்டம் கூடுகின்றன, வால்களை நடுவில் மறைத்து, தலைகளை வெளியே நீட்டி. அந்தக் கூட்டத்துக்குப் பெயர் மைசெல். படம் வரைந்தால் கோடு அந்த இடத்தில் முறியும். ஒரு சரக்குக்கு ஒரு முறிவு.

ஃபு.வையும் சா.வையும் கலந்தால் இரண்டு முறிவு.

முதலில் என் கை மேல்தான் சந்தேகம். நடுவில் போன் வந்ததால் எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று நினைத்தேன். ரங்கண்ணனை எண்ணச் சொன்னேன். பத்துச் சொட்டுக்கு ஒரு புளியங்கொட்டை என்று மேஜையில் எடுத்து வைத்தார். அவருக்கும் அதே இடங்களில்தான் முறிந்தது.

அப்படியானால் தண்ணீருக்குள் இரண்டு தனித்தனிக் கூட்டம். ஒன்றில் ஃபு. அதிகம், இன்னொன்றில் சா. அதிகம். ஒரே பீக்கர், ஒரே தண்ணீர். கண்ணுக்குத் தெளிந்த நீர். உள்ளே இவன் கூட்டம் வேறு, அவன் கூட்டம் வேறு.

இதைப் பற்றி மேலே எழுத வேண்டாம். எனக்கு இது வேதியியல்.

அரிசி தீர்ந்துவிட்டது. காஸ் புக் பண்ண வேண்டும்.

10.2, சனி

கம்பெனி வாசலில் ஒத்திகை. பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் கட்டில் அகலத்துக்கு இரும்புத் தட்டம் செய்து கொடுத்தார். பருத்திக்கு மருந்தடிக்கும் பம்பு, முனையில் காற்றை இழுக்க ஓட்டை போட்டது. மூலக்கரைசல் (ஃபு.வையும் சா.வையும் கெட்டியாகக் கரைத்தது) மூன்று பங்கு, தண்ணீர் நூறு பங்கு.

டீசல் எரிந்தது. முகத்தில் காந்தியது. நான் அடித்தேன். நுரை போய் ஒட்டியது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் டீசல் மேல் ஓடி மூடுவது கண்ணுக்கே தெரிந்தது. தீ ஓரத்துக்கு ஒதுங்கி, ஓரத்திலும் போய்விட்டது. மு. கை தட்டினார். எரிகிற துணியை மேலே நீட்டினால்கூட டீசல் மறுபடி பிடிக்கவில்லை. குச்சியால் படலத்தைக் கிழித்தேன். தானே கூடி மூடிக்கொண்டது!

"நம்ம சிறுவாணித் தண்ணிக்கு எதுதானுங்க ஆகாது" என்றார் மு. எல்லாப் பெருமையும் மலையிலிருந்து வருகிற சிறுவாணிக்கே. எங்கள் கம்பெனியில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குவதே இல்லை. குழாயில் சிறுவாணி வருகிற நாளில் தொட்டியை நிரப்பிக்கொண்டால் லேபுக்கும் அதுதான், மிக்ஸிங்குக்கும் அதுதான், டீக்கும் அதுதான்.

எல்லோருக்கும் மைசூர்பாகு. நான் இரண்டு.

11.2, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொரு மணி பஸ்ஸில் அன்னூர். வழக்கம்போல ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர் அம்மாவுக்கு. கோயமுத்தூரில் இருக்கிற பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தாலும் வரலாம், தண்ணீர் இல்லாமல் வரக்கூடாது. அம்மா அதைத் தனிக் குடத்தில் ஊற்றி மூடி வைப்பாள். டீக்கு மட்டும். வாரம் முழுக்க வரும்.

சனிக்கிழமை மில்லுக்கு வருகிறேன் என்று சொன்னேன். அம்மா கை நின்றுவிட்டது.

"அந்த மில்லுக்காரரு ஊட்டுத் தோட்டத்துலதான் கண்ணு நானும் உங்கப்பனும் பதினாறு வருசம் வெங்காயம் புடுங்குனோம்."

"தெரியும்மா."

"முன்வாசல்லயா போவே?"

"பின்னே? கார்லயாக்கும் போறோம்."

அம்மா துணி கும்மித் துவைக்கப் போய்விட்டாள். வாளியில் வெள்ளையாகத் திப்பி மிதக்கிறது, நுரையே இல்லை. என்ன சோப்பு வாங்குகிறாளோ. அடுத்த முறை நல்ல சோப்பாக இரண்டு வாங்கி வர வேண்டும்.

13.2, செவ்வாய்

பல் துலக்கும்போது தோன்றியது. பேஸ்டைத் துப்பிவிட்டு ஓடிவந்து எழுதுகிறேன்.

கூட்டம் கூடும்போது பிரிந்து போகிறவர்கள் படலத்தில் மட்டும் எப்படிச் சேர்ந்து நிற்கிறார்கள் என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்தேன். அவர்கள் சேர்ந்து நிற்கவில்லை! படலத்துக்கு இரண்டு முகம். மேல்முகம் காற்றைப் பார்க்கிறது, கீழ்முகம் டீசலைப் பார்க்கிறது. ஃபு.வுக்கு எண்ணெய் ஆகாது, அதனால் மேலே போய்க் காற்றில் வாலை நீட்டுகிறது. சா.வுக்கு எண்ணெய் ஆகும், அதனால் கீழே போய் டீசலில் வாலை நீட்டுகிறது. நடுவில் தண்ணீர். மேலேயும் இளகி, கீழேயும் இளகினால்தான் படலம் பரவும். ஒருவர் மட்டும் இருந்தால் ஒரு முகம்தான் இளகும், போதாது.

சா. கூடிவிட்டால் ஆபத்து; மேல்முகத்திலும் போய் நெருக்கும். அளவு முக்கியம்.

இதைக் கண்டுபிடித்ததில் உலகத்தில் நான் முதல் ஆள் இல்லை என்று தெரியும். கணபதியில் பல் துலக்கிக்கொண்டே கண்டுபிடித்தது நான்தான் முதல்.

18.2, ஞாயிறு காலை, அன்னூர், அம்மா வீடு

நேற்று எழுதவில்லை. இன்று கோயிலுக்கும் போகவில்லை.

தோற்றுவிட்டது.

வரிசையாக எழுதுகிறேன். மு., ரங்கண்ணன், நான், காரில் போனோம். முன்வாசல். மில்காரர் வேட்டி சட்டையில், மரியாதையான மனிதர், வாய்க்கு வாய் 'ங்க'. வேலை ஆரம்பிக்கும் முன் டீ வந்தது.

"அம்மணி அன்னூருங்களா? எந்தப் பக்கமுங்க?"

தெருப் பெயரைச் சொன்னேன். "அப்புடீங்களா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளர், ஒரு கண்ணாடி கிளாஸ். கண்ணாடி கிளாஸ் என் முன்னால் வந்து நின்றது. மு. அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ரங்கண்ணன் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடித்தேன். சூடாக இருந்தது, குடித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது ஆத்திரம்.

மாணிக்கண்ணன் சுருங்கிய கைகளோடு மில் குழாயில் தண்ணீர் பிடித்து டிரம்மில் ஊற்றினார். நான் மூலக்கரைசலைச் சேர்த்தேன். தண்ணீர் வெளுத்தது. சந்தேகமாக இருந்தது, ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள், தட்டத்தில் தீ வைத்தாயிற்று. அடித்தேன். நுரை வரவே இல்லை, மோர்த் தண்ணீர் மாதிரி பீய்ச்சியது. முனை அடைத்துக்கொண்டது. ரங்கண்ணன் ஊதி ஊதிப் பார்த்தார். தீ ஆளுயரத்துக்கு எழும்பியது. கடைசியில் மாணிக்கண்ணன்தான் மண்ணை வாரிக் கொட்டி அணைத்தார், அந்தக் கையால்.

மில்காரர் கோபப்படவில்லை. "பரவால்லீங்க. கைராசின்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல" என்றார், என்னைப் பார்க்காமல்.

மு. காரில் ஏறச் சொன்னார். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று நடந்துவிட்டேன்.

அதே நாள், மதியம்

நான் ஒரு முட்டாள். ஏழு வருடம் சோப்புக் கம்பெனி கெமிஸ்ட். முட்டாள்.

காலையில் கரி பிடித்த சேலையை அலசலாம் என்று அம்மாவின் வாளியில் முக்கினேன். நான் வாங்கி வந்த நல்ல சோப்பு. தேய்த்தால் நுரை இல்லை. வெள்ளைத் திப்பி. சோப்பு மேல் பழி போட முடியாது, நானே வாங்கியது.

தண்ணீர்!

போர்வெல் தண்ணீர், மில் குழாயிலும் இதேதான். சுண்ணாம்பும் உப்பும். இந்தத் தண்ணீரைத்தான் பதினேழு வயது வரை தலையில் சுமந்தேன். இதில் குளித்துத்தான் தலைமுடி தேங்காய் நார் மாதிரி இருந்தது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பன்னிரண்டு வருடம் சிறுவாணி குடித்ததில் சொந்த ஊர்த் தண்ணீர் மறந்துபோயிற்று. போன ஞாயிறு வாளியைப் பார்த்துவிட்டு அம்மாவின் சோப்பைக் குறை சொன்னேனே!

கேனில் மூலக்கரைசல் கொஞ்சம் மிச்சம். சமையலறையில் இரண்டு டம்ளர். ஒன்றில் அம்மாவின் டீக்குடத்துத் தண்ணீர், நேற்று வேறு கேனில் நான் கொண்டு வந்த சிறுவாணி. இன்னொன்றில் புதிதாகப் பிடித்த வாளித் தண்ணீர். இரண்டிலும் பத்துச் சொட்டு விட்டேன். சிறுவாணி அப்படியே தெளிவு. வாளித் தண்ணீர் கண் முன்னால் திரிந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாலு திரியற மாதிரி திரியுது கண்ணு."

"ஆமாம்மா!"

"இதுக்கா சிரிக்கறே? நேத்து அழுதுபோட்டு வந்தே?"

அழுதது தெரிந்திருக்கிறது.

அதே நாள், சாயங்காலம், கணபதி

கேனைக் கழுவி, அம்மா வீட்டுப் போர்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க அம்மணி இது?"

"தண்ணிங்க."

"அன்னூர்த் தண்ணியவா கோயமுத்தூருக்குக் கொண்டு போறீங்க? கொல்லந் தெருவுல ஊசி விக்கறவங்களப் பாத்திருக்கறேன், உங்கள மாதிரி பாத்ததில்லீங்க."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். லக்கேஜ் டிக்கெட் போடவில்லை, நல்ல மனுஷன்.

19.2, திங்கள்

மு.விடம் இரண்டு டம்ளர் வைத்துக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"இப்ப என்னங்க பண்றது? அன்னூருக்கு லாரில சிறுவாணி கொண்டு போயி வெச்சுக்கறதா?"

"தீ அதுவரைக்கும் காத்திருக்காது சார். அந்தத் தண்ணிலயே வேலை செய்யோணும்."

பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம். இன்னொரு முறைக்கு மட்டும் வரும். மு. யோசித்துவிட்டு அன்னூருக்குப் போன் போட்டார். என் முன்னாலேயே. "மச்சான், தண்ணி உங்கூருதுங்க, தப்பு எங்குளுதுங்க. சனிக்கெழம மறுபடியும் வாறோம்." அதைக் கேட்டபோது அவர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி போகவில்லை, அது கண்ணாடி கிளாஸுக்கு.

இனி யோசனை. திரிவது ஏன்? ஃபு., சா. இரண்டின் தலையிலும் ஒரே மாதிரி மின்சுமை. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு அந்தத் தலைகளைப் பிடித்துக் கட்டிக் கீழே தள்ளுகிறது. பெரிய தப்பு என்னுடையது. உப்புத் தண்ணீரில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

20.2, செவ்வாய்

விடை குடோனிலேயே இருந்தது. திருப்பூர் சாயப்பட்டறைக்கு, துணி சீக்கிரம் நனைய, நாங்கள் ஒரு நனைப்புச் சரக்கு அனுப்புகிறோம். அதன் வாலும் சா. மாதிரிதான், ஆனால் தலையில் சுமையே கிடையாது. சுண்ணாம்புக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அங்கேயும் உப்புத் தண்ணீர்தானே, அதனால்தான் வாங்குகிறார்கள். தினமும் டிரம் டிரம்மாக என் கையெழுத்தில் போகிறது. கையில் வெண்ணெய்.

சா.வை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். அம்மாவின் தண்ணீரில். கடினநீருக்குப் போடும் பவுடரும் ஒரு சிட்டிகை. லேசான மங்கல், ஆனால் திரியவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். திரியவில்லை.

ஆனால் ஃபு.வின் தலையில் இன்னமும் சுமை இருக்கிறதே, அது எப்படித் தப்பித்தது?

21.2, புதன்

சாம்பல் புதன். லெந்து நோன்பு ஆரம்பம். அம்மா நாற்பது நாளும் கறி தொடமாட்டாள். நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று முழுக்கச் சொட்டு, புளியங்கொட்டை. புதுக் கலவை.

ஒரே முறிவு!

மூன்று முறை எண்ணினோம். ஒரே முறிவு. ஃபு. தனிக் கூட்டம் போடவில்லை. சுமையில்லாத தலைகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. நேற்றுக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: கூட்டத்துக்குள் இருக்கிறதைச் சுண்ணாம்பால் எளிதில் பிடிக்க முடியவில்லை, வெளியே தனியாகத் திரிகிறதைத்தான் பிடிக்கிறது.

வால்கள் மாறவே இல்லை. இப்போதும் ஒன்றுக்கொன்று ஆகாதவைதான். முன்பு தலைகளும் ஒன்றையொன்று தள்ளின. இப்போது ஒரு பக்கத்துத் தலை தள்ளுவதை நிறுத்திவிட்டது, அது போதுமாக இருக்கிறது. எத்தனை வால்வெறுப்பை இப்படிச் சமாளிக்கலாம்? இன்னும் நீளமான ஃபு. வாலாக இருந்தால்? அளவை மாற்றினால் எங்கேயாவது மறுபடி இரண்டாக முறியுமா? புது பாட்டில் வேண்டும். புது பாட்டில் வேண்டும்.

மண்ணெண்ணெய்த் தட்டில் பரவியது. முன்பை விடக் கொஞ்சம் மெதுவாக. போதும்.

23.2, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. மாசியிலேயே இப்படி.

மு. சாயங்காலம் கூப்பிட்டார். பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"நாளைக்கு பம்ப ரங்கண்ணனே புடிக்கட்டுமுங்க. நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க. மச்சான் கொஞ்சம் ராசி கீசி பாக்கறவரு."

எனக்குக் காது சுட்டது. சொன்னேன்: "நான் புடிக்கறதா இருந்தா வாரேன் சார். இல்லீன்னா ரங்கண்ணனே போகட்டும். எதுல எத்தனை பங்குன்னு நான் எழுதியும் தரமாட்டேன், சொல்லியும் தரமாட்டேன்."

ஏழு வருடத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு. மு. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு, "சரிங்க. நீங்களே புடிங்க" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

நாளைக்கு: பம்பு முனை இரண்டு. சல்லடைத் துணி. தீப்பெட்டி. மூலக்கரைசல் கேன். பழைய சேலை.

24.2, சனி, அன்னூர், அம்மா வீடு

வந்தது!

மில் குழாய்த் தண்ணீர்தான். மாணிக்கண்ணன் பிடித்தார். கலந்தேன், வெளுக்கவில்லை. மில்காரர் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தீ வைத்தார்கள். நான் அடித்தேன். முதல் நொடி ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. பிறகு நுரை பிடித்தது. ஓரத்திலிருந்து படலம் ஊர்ந்து போயிற்று. தீ நடுவில் குறுகி, அரிக்கேன் விளக்கு அளவாகி, போய்விட்டது. மாணிக்கண்ணன் அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

மில்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரே எரிகிற துணியைக் குச்சியில் சுற்றி வாங்கி மேலே நீட்டினார். பிடிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, படலத்தைக் கிழித்து, மூடுவதைப் பார்த்தார். மறுபடி கிழித்தார். மறுபடி மூடியது. ஐம்பது வயது மனிதர், அப்படியே மறந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இது எப்புடீங்க?"

இந்த முறை என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "ரெண்டு சரக்குங்க. ஒண்ணுக்கு எண்ணெய் ஆகாது, அது மேல நின்னுக்குது. ஒண்ணுக்கு ஆகும், அது கீழ நின்னுக்குது. நடுவுல தண்ணி."

"ரெண்டும் சேராதுங்களா?"

"சேருமுங்க. போன வாரம் சேராம இருந்துச்சு. தலைய மாத்துனேன், சேந்துக்குச்சு."

நல்ல கேள்வியெல்லாம் கேட்டார். எத்தனை நேரம் நிற்கும், வெயிலில் கெடுமா, மண்ணெண்ணெய்க்கும் ஆகுமா. எனக்கு அவரைப் பிடித்துக்கூடப் போய்விட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும். ஜெனரேட்டர் ரூமுக்கு இரண்டு டிரம் உடனே வேண்டும் என்றார். மு. என் பக்கம் திரும்பி, "பின்கட்டு ரூமைத் திங்கக்கெழம காலி பண்ணிரலாமுங்க. பாட்டிலுக்கும் எழுதிப்போடறேன்" என்றார்.

டீ வந்தது. மூன்று எவர்சில்வர் டம்ளர், ஒரு கண்ணாடி கிளாஸ்.

"எனக்கு வேண்டாங்க" என்றேன்.

"ஏனுங்க அம்மணி, டீ குடிக்கறதில்லீங்களா?"

"குடிப்பேனுங்க. ஊட்டுல போயிக் குடிச்சுக்கறேன்."

மில்காரர் கிளாஸைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. மு. வாயருகே கொண்டு போன டம்ளரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். ரங்கண்ணன் அவருடையதைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் பம்பைக் கழுவப் போய்விட்டேன். அதற்குப் பிறகு யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை, தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

முன்வாசல் வழியாகவே நடந்து வந்தேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். அதற்குள் மாணிக்கண்ணன் பெண்டாட்டி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. நான் குடிக்கல."

எதில் கொடுத்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை. பதினாறு வருடம் அந்தத் தோட்டத்தில் குடித்தவள். அடுப்பைப் பற்ற வைத்தாள். குடத்தைச் சாய்த்தாள். காலி.

அப்போதுதான் நினைவு வந்தது. போன ஞாயிறு அதிலிருந்து ஒரு டம்ளரை நான்தான் சோதனைக்கு எடுத்தேன். இந்த வாரம் மூலக்கரைசல் கேன் மட்டும்தான் கொண்டு வந்தேன். சிறுவாணி கொண்டு வர மறந்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

"பரவால்ல கண்ணு" என்று அம்மா வாளியிலிருந்து மொண்டு வைத்தாள்.

டீ உப்புக் கரித்தது. முழுவதும் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன்.